பதினேழு இன்னும் வெளியே

சலவை அறைக்கு ஜன்னல் கிடையாது.
சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும்
அறுபத்துநாலு சட்டைகள் வந்து விழும்,
புல் கறை, ரத்தம், யாரோ கக்கிய ஆரஞ்சுப் பானம்.
முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு உப்பு, அப்புறம்தான் சோப்பு.
ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது.
இது பல்கலைக்கழக வரலாற்று நூலில் இல்லை.

நூலில் இருப்பது:
1894இல் நெப்ராஸ்காவின் இந்தச் சோளக் கொல்லையை
கடன் வாங்கிய மூன்று கோவேறு கழுதைகள்
பரம்படித்து மைதானமாக்கின.
அதுவே அணிக்கும் பெயரானது.
எதிரணி ஊர்க்காரர்கள் கனைத்துக் காட்டுவார்கள்.
நாங்களும் கனைப்போம்,
அவர்களைவிடச் சத்தமாக.
வென்றால் மணிக்கூண்டில் பதினோரு அடி,
தோற்றால் ஒன்று.
1931 முழுக்க ஒற்றை மணிதான்;
அந்தப் பஞ்சத்தில் கயிறாவது மிச்சமானது
என்று ஓர் அடிக்குறிப்பு.

அப்புறம் பதினேழு.

அந்த எண்ணை யாரும் அணிவதில்லை.
ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பவர்
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
மூச்சை நிறுத்துவார்.
பன்னிரண்டாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள்.
வாத்தியக் குழு நடக்கும்போது
வரிசையில் ஓர் ஆள் இடம் காலியாகவே நகரும்.
கொரியாவில் மாண்டவன் என்பார் டீன்,
தொப்பியைக் கழற்றிக்கொண்டு.
ஆற்றில் போனவன் என்பார்கள் டிரம்பெட் பிள்ளைகள்.
பரீட்சைக்கு முன்
வெறுங்கொக்கியைத் தொட்டுவிட்டுப் போகிறவர்களால்
அந்தப் பித்தளை மட்டும் பொன்னாய் மின்னுகிறது.
பெயர் வாசிக்கையில் நானும் நின்றிருக்கிறேன்,
நிலவறையில், இயந்திரம் சுற்றச் சுற்ற,
கையில் ஈரக் காலுறைகளோடு.

இந்த ஆண்டு டெக்சஸிலிருந்து ஒரு பையன் வந்தான்,
அமாரி விட்லாக்.
பள்ளியில் பதினேழு, இங்கேயும் அதே வேண்டும் என்றான்.
உடனே ஒரு குழு. பழைய மாணவர்களின் கடிதங்கள்.
இறந்தவனின் தாயைக் கடைசி வரிசையில் பார்த்ததாக
ஒருவர் சத்தியமே செய்திருந்தார்.
கல்வெட்டு வைத்துவிடலாம், பெயரைத் தேடு
என்று என்னைப் பணித்தார்கள்.

எனக்கு முன்னே இந்த அறையை ஆண்டவள்
மில்ட்ரெட் கோசிசெக்.
அவள் பேரேட்டில், ஊதாப் பென்சிலில்,
1948 நவம்பர்:

*17. ஆட்டம் 41–0, தோல்வி. திரும்பும் வழியில்
பேருந்து பனியில் புதைந்தது. ஒரு தொழுவத்தில் இரவு.
பசு ஈன்றது. கன்றைத் துடைத்துப் போர்த்த
லாம்பெர்ட் ஓய்க் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.
சட்டை வரவில்லை. விலை இரண்டு டாலர் நாற்பது.*

அடுத்த ஆண்டு: *17 இன்னும் வெளியே.*
அதற்கடுத்த ஆண்டும்.
பிறகு மேற்படிக்கு இரண்டு புள்ளிகள்,
அப்புறம் புள்ளிகள் மட்டும், பக்கம் பக்கமாக.
வராத சட்டையின் எண்ணில் இன்னொன்று தைக்க
அவள் கணக்கு இடம் கொடுக்கவில்லை.
லாம்பெர்ட் சாகவில்லை.
நாலு ஆட்டம் ஆடினான், விதை விற்கப் போனான்.

மூன்று நாள் பேரேட்டை
வெளுக்கும் தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.
நாலாம் நாள் அமாரியே இறங்கி வந்தான்,
தோள்பட்டைக் கவசத்தில் வார் அறுந்துவிட்டதென்று.
தைக்கிற நேரத்துக்குப் படிக்கக் கொடுத்தேன்.
விரல் வைத்துப் படித்தான்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"கன்று பிழைத்ததா?" என்றான்.

எழுபத்தைந்து ஆண்டுகளாக எழுந்து நின்றோம்,
ஒருவரும் அதைக் கேட்கவில்லை.
மில்ட்ரெட்டும் எழுதவில்லை.

குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.
அவன் நாற்பதை மாட்டிக்கொண்டு ஆடுகிறான்,
பந்தை அடிக்கடி நழுவவிடுகிறான்.
நேற்று ஒற்றை மணி.
சட்டைகளை மடித்து அடுக்கினேன்:
பதினாறு,
ஒரு சாண் இடம்,
பதினெட்டு.
பேரேட்டைத் திறந்து தேதி போட்டு
இரண்டு புள்ளி வைத்தேன்.